மக்காச்சோளத்துக்குப் பாடியவர்கள்

அரியலூர் மாவட்டத்துத் திருமானூர் வட்டாரத்தில் கொள்ளிடத்தின் வடகரையில் இருக்கிறது திருமழபாடி. அங்குள்ள வைத்தியநாத சுவாமி கோயிலின் விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்ட, முதலாம் ராஜராஜன் தன் 28-ஆம் ஆட்சியாண்டில் உத்தரவிட்டான். பிரிப்பதற்கு முன்பு சுவரில் இருந்த பழைய கல்வெட்டுகளைப் படியெடுத்து எழுதி வைத்தார்கள். ராஜேந்திரன் காலத்தில் அவற்றைப் புதுச் சுவரில் திரும்ப வெட்டினார்கள். ஆவணத்தின் அருமை ஆயிரம் ஆண்டுக்கு முன்பே தெரிந்த மண் இது.

சோழர் கல்வெட்டுகளில் விளக்கெரிக்கக் கொடுத்த ஆடுகளின் கணக்கு இருக்கிறது. இறையிலி நிலத்தின் நான்கெல்லை இருக்கிறது. செம்பியன் மாதேவி போன்ற அரசியரின் பெயர்கள் இருக்கின்றன. அந்த நிலத்தில் நாற்று நட்டவள் யார், எந்தக் கதிரை விதைக்கு ஒதுக்கினாள், எதைக் கழித்தாள், பிள்ளைக்கு எந்த மரத்தில் தூளி கட்டினாள் என்பவற்றுக்கு ஒரு வரியும் கிடையாது. உலகின் பெரும்பாலான உழவுச் சமூகங்களில் நிலை இதுதான். இந்த மௌனம் கலைந்த இடங்கள் மிகச் சில. அவற்றில் ஒன்று வட அமெரிக்காவில், மிசௌரி ஆற்றின் கரையில் இருக்கிறது. அங்கே ஹிடாட்ஸா என்ற தொல்குடியைச் சேர்ந்த வஹீனி என்ற பெண், தன் மக்கள் எப்படிப் பயிர் செய்தார்கள் என்பதை விதைக்குழி முதல் களஞ்சியக் குழி வரை சொல்லிவிட்டுப் போனார்.

வஹீனி ஏறத்தாழ 1839-இல் பிறந்தார். இன்றைய வடக்கு டகோட்டா மாநிலத்தில், கத்தி ஆறு மிசௌரியில் கலக்கும் இடத்துக்கு அருகே அப்போது ஹிடாட்ஸா ஊர்கள் இருந்தன. அவர் பிறப்பதற்குச் சற்று முன்பு, 1837-இல், பெரியம்மை அந்த ஆற்றோரத்தைச் சூறையாடியிருந்தது. ஹிடாட்ஸா மக்களில் ஏறக்குறைய பாதிப் பேர் மாண்டார்கள். பக்கத்து மாண்டன் குடியில் தப்பியவர்கள் நூற்றுச் சொச்சம் பேர்தான். எஞ்சிய இரு குடியினரும் 1845 வாக்கில் ஆற்றின் மேல்போக்கில் நகர்ந்து, 'தூண்டில்முள் போன்ற ஊர்' என்று பொருள்படும் பெயரில் ஒரு புதிய ஊரைக் கட்டினார்கள். வஹீனி வளர்ந்தது அங்கேதான். ஆறு வயதில் தாயை இழந்த அவரை, தாயின் சகோதரிகளும் ஆமை என்ற பெயருடைய பாட்டியும் வளர்த்தார்கள். ஹிடாட்ஸா முறையில் தாயின் சகோதரிகளும் தாயே. சின்னம்மா, பெரியம்மா என்று அழைக்கும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. குலம் தாய்வழியில் வந்தது. மண் மூடிய பெரிய வட்டக் குடில்களை எழுப்பும் வேலையில் பெரும்பங்கு பெண்களுடையது. குடிலும் பெண்களுக்கே சொந்தம். நிலமும் அப்படித்தான்.

1906-இல் கில்பர்ட் வில்சன் என்ற பாதிரியார் ஹிடாட்ஸா மக்களிடம் போனார். பிறகு மானுடவியல் மாணவரானார். நியூயார்க்கின் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் ஆதரவில் 1918 வரை கோடைதோறும் வந்து குறிப்பெடுத்தார். வஹீனிக்கு ஆங்கிலம் தெரியாது. அவர் சொல்வதை மகன் எட்வர்ட் குட்பேர்ட் மொழிபெயர்ப்பார். 1917-இல் மின்னசோட்டா பல்கலைக்கழகம் வெளியிட்ட வில்சனின் ஆய்வேடு, ஹிடாட்ஸா வேளாண்மையைப் பெரும்பாலும் அந்தப் பெண்ணின் வாய்மொழியாகவே சொல்கிறது. 1921-இல் வஹீனியின் இளமைக் கதை தனி நூலாக வந்தது. அந்த ஆய்வேட்டில் தத்துவம் பேசும் பக்கங்கள் குறைவு. மண்வெட்டி, விதை, குழி, சட்டி பற்றிய பக்கங்கள்தான் அதிகம். அதன் பெருமையே அதில்தான் இருக்கிறது என்பேன்.

நெருங்கிப் பார்ப்போம். வஹீனியுடைய பாட்டியின் கருவிகள் மூன்று: ஆஷ் மரத்துக் குத்துக்கோல், காட்டெருமையின் தோள்பட்டை எலும்பைக் கம்பில் கட்டிய கொத்து, ஒரு வாரி. ஊருக்குள் வணிகர்கள் இரும்புக் கொத்தைக் கொண்டுவந்த பிறகும் ஆமைப் பாட்டி எலும்புக் கொத்தை விடவில்லை. வசந்தத்தில் முதலில் நடுவது சூரியகாந்தி, அதுவும் வயலின் ஓரத்தில். காட்டு நெல்லிச் செடியில் இலை விரிந்து நிறையும்போது மக்காச்சோளம் நட நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். பிறகு பரங்கி, பிறகு அவரை. மக்காச்சோளத்தை நாலடி இடைவெளியில் சிறு மண்குவியல்களில் ஊன்றுவார்கள். ஒரு குவியலுக்கு ஆறேழு விதை. அடுத்த ஆண்டு வேறிடம் தேடாமல் அதே குவியலைக் கிளறி அதிலேயே ஊன்றுவார்கள். விளைச்சல் தளர்ந்தால் நிலத்தை இரண்டு மூன்று ஆண்டு தரிசாகப் போடுவார்கள்.

விதைத் தேர்வு பற்றி வஹீனி சொன்னது எந்த வேளாண் கல்லூரிப் பாடத்துக்கும் குறைந்ததல்ல. நன்கு நிறைந்த, மணி முற்றிய கதிர்களைத் தனியே எடுக்க வேண்டும். அவற்றிலும் நுனி மணியையும் அடி மணியையும் ஒதுக்கிவிட்டு நடுப்பகுதி மணிகளை மட்டுமே விதைக்கு வைக்க வேண்டும். ஓராண்டு பனியில் பயிர் போனாலும் மறு ஆண்டு கைவிரிக்கக் கூடாது என்பதால் இரண்டு ஆண்டுக்கான விதை வீட்டில் இருக்க வேண்டும். அந்த ஊரில் ஒன்பது வகை மக்காச்சோளம் இருந்ததாக அவர் பெயர் சொல்லிப் பட்டியலிட்டார்: கெட்டி வெள்ளை, மாவு வெள்ளை, கெட்டி மஞ்சள், மாவு மஞ்சள், பசை வகை, நீலம், கருஞ்சிவப்பு, இளஞ்சிவப்பு, நுனி மட்டும் சிவந்த ஒன்று. ஒவ்வொன்றுக்கும் சமையல் வேறு. இரு வகைகளைப் பக்கத்தில் பக்கத்தில் நட்டால் கலந்துவிடும் என்பது அந்தப் பெண்களுக்குத் தெரியும். அதனால் வகைவாரியாக வயலைப் பிரித்தார்கள். மகரந்தம் என்ற பாடம் படிக்காமலே வகைத் தூய்மையைத் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றினார்கள். வடக்கு டகோட்டாவின் கோடை மிகக் குறுகியது. அதற்குள் முற்றிவிடும் மக்காச்சோளத்தைத் தேர்ந்து தேர்ந்து உருவாக்கியவர்கள் இவர்கள். மெக்சிகோவில் ஏறத்தாழ 9,000 ஆண்டுகளுக்கு முன் ஒரு காட்டுப் புல்லிலிருந்து தொடங்கிய பயிர், கனடா எல்லையோரம் வரை போனதற்குக் காரணம் இத்தகைய கைகள்தான்.

கதிர் பால் பிடித்ததும் காவல் தொடங்கும். காக்கை, குதிரை, திருட்டுப் பையன்கள் என்று எதிரிகள் பலர். வயலுக்குள் ஒரு மரத்தையொட்டிப் பரண் கட்டி, பத்து வயதுச் சிறுமி முதல் மணமான இளம்பெண் வரை அதில் உட்கார்ந்து பாடுவார்கள். மக்காச்சோளத்துக்கும் குழந்தைக்கு இருப்பதுபோல ஆன்மா உண்டு, பாட்டுக் கேட்டால் அது மகிழும் என்று நம்பினார்கள். பரண் பக்கமாகப் போகும் வாலிபர்களைக் கேலி செய்யும் பாட்டுகளும் அவர்களிடம் உண்டு.

இந்த இடத்தில் தமிழ் வாசகர் ஒரு கணம் நின்றுவிடுவார். தினைப்புனம் காக்கும் பெண், பரண், கிளி ஓட்டும் பாட்டு, அவ்வழியே வரும் ஆண்: குறிஞ்சித் திணையின் அடித்தளமே இதுதான். கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் தழல், தட்டை, குளிர் என்று கிளி கடியும் கருவிகளின் பெயர்கள் வருகின்றன. வள்ளி முருகனைச் சந்தித்ததும் தினைப்புனத்தில்தான். கொல்லையில் பரண் போட்டு ஆலோலம் பாடும் வழக்கம் கம்பும் சோளமும் விளைந்த மேட்டுக்காடுகளில் நெடுங்காலம் இருந்தது. இரு நிலங்களுக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. ஒருவரிடமிருந்து ஒருவர் கற்கவுமில்லை. கதிர் முற்றும்போது பறவை வரும், பறவையை விரட்டக் குரல் வேண்டும், அந்தக் குரல் வயலில் நாள் முழுக்க இருக்கும் பெண்ணின் குரலாக இருக்கும் என்ற வேளாண்மை நியதி இரண்டு இடத்திலும் ஒரே விதமாக வேலை செய்திருக்கிறது. நம் புலவர்கள் அந்தப் பெண்ணின் காதலை இரண்டாயிரம் ஆண்டுக்கு நிற்கும்படி எழுதினார்கள். அவளுடைய விதை அறிவை எழுத அவர்களுக்குத் தோன்றவில்லை. சங்க இலக்கியத்தின் மீதுள்ள பெருமதிப்போடுதான் இதைச் சொல்கிறேன்.

ஒற்றுமைகள் இன்னும் உண்டு. வில்லோ வளாரை வளைத்துக் காட்டெருமைத் தோலைப் போர்த்திய வட்டப் படகை ஹிடாட்ஸா பெண்களே செய்து ஓட்டினார்கள். காவிரிப் பரிசலைப் பார்த்தவர்கள் அதைப் பார்த்தவுடன் அடையாளம் கண்டுகொள்வார்கள். கழுத்துக் குறுகி வயிறு அகன்ற நிலவறைக் குழிகளில் புல் பரப்பித் தானியம் சேமித்தார்கள். குழியின் சுவரோரம் பின்னல் போட்ட கதிர்களை அடுக்கி, நடுவில் உதிர்த்த மணியையும் காய்ந்த பரங்கி வளையங்களையும் வைப்பார்கள். ஈரம் பட்டால் முதலில் கெடுவது எதுவோ அதற்கு நடுவிடம். தமிழ்நாட்டின் வறண்ட வட்டாரங்களில் சோளத்துக்கு இப்படிக் குழி வெட்டியிருக்கிறார்கள். நெல் விளையும் பகுதியில் குதிரும் பத்தாயமும் அந்த வேலையைச் செய்தன.

வசந்தத்தில் வடக்கே திரும்பும் வாத்துகளை, 'சாகாத கிழவி' என்ற தானியத் தாயின் தூதர்களாக ஹிடாட்ஸா பெண்கள் கொண்டாடினார்கள். வாத்து வந்தால் விதைப்புக் காலம். வாத்தின் பெயரிலேயே பெண்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. திருமானூருக்கு அருகே கரைவெட்டி ஏரிக்கு ஒவ்வொரு பனிக்காலமும் இமயம் தாண்டி வரித்தலை வாத்துகள் வருகின்றன. 2024-இல் அந்த ஏரி ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. இங்கே காலக்கணக்கு வாத்தை வைத்து அல்ல, ஆடிப்பட்டம், புரட்டாசிப்பட்டம் என்று மாதத்தை வைத்து.

ஒற்றுமைகளில் மயங்கி நின்றுவிடக் கூடாது. மிகப் பெரிய வேற்றுமை ஒன்று இருக்கிறது. அது நிலம்.

வஹீனி உழைத்தது தன் குடும்பப் பெண்களின் வயலில். எதை நடுவது, எதைக் கழிப்பது, விளைந்ததில் எவ்வளவு விருந்தினருக்கு, எவ்வளவு விற்பனைக்கு என்பதில் அவர்கள் சொல்லே முடிவு. திறமையாக உழைத்த பெண்ணுக்கு மரியாதையாக இடுப்புக் கச்சை கொடுப்பார்கள். போரில் வென்றவனின் பெருமைக்கு நிகரான கௌரவம் அது. வஹீனி அதைப் பெற்றவர். வாழ்க்கை சுகமாக இருந்தது என்பதல்ல இதன் பொருள். தோல் பதனிடுவது முதல் வீடு கட்டுவது வரை முதுகு ஒடியும் வேலை. கொள்ளைநோய், பஞ்சம், எதிரிக் குடிகளின் தாக்குதல் எல்லாம் இருந்தன. ஆனாலும் அறிவும் அதிகாரமும் ஒரே கையில் இருந்தன.

இதற்கு நம் பக்கத்தில் நெருங்கி வரும் ஆவணம் வீரம்மாவின் வரலாறு. புதுச்சேரிக்கு அருகே காரணி என்று நூலில் குறிக்கப்படும் ஊரில் வாழ்ந்த பறையர் குலத்துப் பெண். கூலி உழவர், மருத்துவச்சி, ஊரறிந்த பாட்டுக்காரி. புதுச்சேரித் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த இசை ஆய்வாளர் ஜோசியான் ரசீன் தாலாட்டும் ஒப்பாரியும் பதிவு செய்யப் போனார். பாட்டைத் தேடிப் போனவருக்கு ஒரு வாழ்க்கையே கிடைத்தது. பத்தாண்டுக் காலம் தமிழிலேயே நடந்த அந்த உரையாடலை அவரும் கணவர் ழான்-லுக் ரசீனும் 1995-இல் பிரெஞ்சு நூலாக வெளியிட்டார்கள். ஆங்கிலத்தில் 1997-இல் வந்தது. பன்னிரண்டு பிள்ளை பெற்று மூன்று பிள்ளைகளை மட்டும் மிச்சம் கண்ட தாய் பேசுகிறார். பிள்ளைப்பேறு, பேய், தெய்வம், கல்யாணம், நடவு, களை, பண்ணையாரின் களம் எல்லாம் அதில் இருக்கின்றன.

இரண்டு நூல்களையும் அருகருகே வைத்துப் படித்தால் ஒன்று பளிச்சென்று தெரியும். வஹீனி நான் இப்படி விதை எடுத்தேன் என்கிறார். வீரம்மா வேலைக்குக் கூப்பிட்டார்கள், போனோம் என்கிறார். வீரம்மாவின் கைக்கு நடவு தெரியும். ஆனால் எந்த நெல், எந்த வயல், எந்த நாள் என்று முடிவெடுப்பவர் பண்ணையாரான ரெட்டியார். வீரம்மாவின் அதிகாரம் செல்லும் இடம் பாட்டும் பிரசவ அறையும்தான். அங்கே அவர் பேச்சு வஹீனியின் பேச்சைப் போலவே நுணுக்கமாகவும் உறுதியாகவும் ஆகிவிடுகிறது. பெண்ணுக்கு எந்த வெளியில் முடிவெடுக்கும் உரிமை இருந்ததோ அந்த வெளியில்தான் அவளுடைய அறிவு செழித்து, சொல்லும்படியாக நிற்கிறது. இந்தக் கட்டுரையின் வாதம் இதுவே.

இப்போது திருமானூருக்கு வருவோம். கொள்ளிடக் கரையை ஒட்டி நெல்லும் கரும்பும் வாழையும். வடக்கே மேடேற ஏற மானாவாரிக் கரிசல். ஒரு காலத்தில் வரகும் கம்பும் சோளமும் விளைந்த அந்த மேட்டில் இன்று கண்ணுக்கெட்டிய தூரம் பருத்தியும் மக்காச்சோளமும்தான். பெரம்பலூரும் அரியலூரும் தமிழகத்தின் முன்னணி மக்காச்சோள மாவட்டங்கள். ஆவணி புரட்டாசியில் விதைத்துத் தை மாசியில் அறுத்து, பெரும்பகுதி கோழித் தீவனத்துக்குப் போகிறது. மிசௌரிக் கரையில் பெண்கள் பாட்டுப் பாடிக் காத்த அதே பயிர், திருமானூர்ப் பெண்களின் ஊருக்கு வந்து சேர்ந்துவிட்டது. பயிர் வந்தது, அதைச் சுற்றி இருந்த அறிவு வரவில்லை.

விதை கம்பெனிப் பொட்டலத்தில் வருகிறது. ஏக்கருக்கு எட்டுக் கிலோ, வரிசைக்கு வரிசை 60 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 25. வீரிய ஒட்டு ரகம் என்பதால் விளைந்ததை விதைக்கு எடுத்து வைத்தால் மறு ஆண்டு அதே விளைச்சல் வராது. எனவே கதிர் பார்த்து ஒதுக்கும் வேலையே வீட்டில் இல்லாமல் போய்விட்டது. களைக்கொல்லி வந்த பிறகு களையெடுப்பும் குறைந்தது. விளைச்சல் கூடியிருக்கிறது, கையில் காசு புழங்குகிறது. இதை மறுப்பது நியாயமல்ல. பழைய வரகுக் காலத்துக்குத் திரும்பிப் போங்கள் என்று எந்த விவசாயியிடமும் சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனால் 2018-இல் இந்தியாவுக்குள் நுழைந்த அமெரிக்கப் படைப்புழு, அந்தப் பருவத்திலேயே இவ்விரு மாவட்டங்களின் மக்காச்சோளத்தைக் குருத்தோடு தின்று தீர்த்தபோது, ஒரே மாதிரி விதை ஊரெங்கும் இருப்பதன் ஆபத்து என்ன என்பது வெளிப்பட்டது. அரசு நிவாரணம் வழங்க வேண்டியதாயிற்று. அதே புழுவுக்கு எதிராக, ஆப்பிரிக்காவின் சிறு விவசாயிகள் குருத்தில் மண்ணும் சாம்பலும் இட்டுப் பார்க்கிறார்கள். செடியோடு பழகியவர்களுக்குத்தான் இப்படிக் கை வைக்கத் தோன்றும்.

வஹீனியின் வயலுக்கு என்ன ஆயிற்று என்பதையும் சொல்ல வேண்டும். 1880-களில் அரசு அவர்களுடைய ஊரைக் கலைத்துத் தனித்தனி நிலத்துண்டுகளில் குடியேற்றியது. பெண்களின் கூட்டு வயல் போய், ஆணின் பெயரில் பண்ணை வந்தது. அதற்குப் பிறகும் வஹீனி விடவில்லை. உழுது கொடுத்த நிலத்தில் பழைய முறைப்படியே கொத்தால் பண்படுத்தி மக்காச்சோளம் வளர்த்து, அரசின் வேளாண் கண்காட்சியில் முதல் பரிசு வாங்கினார். ஹிடாட்ஸா ஒருவர் 1880-களில் ஆஸ்கர் வில் என்ற விதை வணிகருக்குக் கொடுத்த கொஞ்சம் அவரை, 'கிரேட் நார்தர்ன்' என்ற பெயரில் இன்றும் அமெரிக்கச் சந்தையில் விற்பனையாகிறது. விதையைக் காத்த பெண்களின் பெயர் அதில் இல்லை. வஹீனி 1932-இல் இறந்தார். 1953-இல் கேரிசன் அணையில் நீர் தேங்கத் தொடங்கிய பிறகு, அவர்கள் பயிர் செய்த ஆற்றோர வண்டல் நிலத்தில் பெரும்பகுதி நீருக்குள் போனது. அந்த ஏரிக்குச் சககவேயா என்ற பெண்ணின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். வயல் மூழ்கினாலும் வேளாண் முறை மூழ்கவில்லை. அது எழுத்தில் இருக்கிறது. இன்று அந்தக் குடியின் இளைஞர்கள் அதைப் படித்துப் பழைய விதைகளைத் திரும்ப ஊன்றுகிறார்கள்.

எழுத்தில் இருப்பதாலேயே அது முழு உண்மை ஆகிவிடாது என்பதும் நினைவில் இருக்க வேண்டும். வஹீனி பேசியது மகன் வழியாக, ஒரு பாதிரியாரின் காதுக்கு. வரிசைப்படுத்தியவர் வில்சன். தாய் எதை மகன் முன்னால் சொல்லாமல் விட்டாள், மகன் எதை மென்மையாக்கினான் என்பதை அறிய வழியில்லை. வீரம்மாவின் வரலாற்றை வெளியிட்டவர்களும் வெளியார்களே. கேட்பவர் எந்தக் கேள்வி கேட்கிறாரோ அதற்குத்தான் பதில் கிடைக்கும். அதனால்தான் கேட்பவர் அந்த ஊர்ப் பெண்ணாக இருந்தால் நல்லது என்கிறேன்.

இந்தியாவில் விவசாய நிலத்தை நிர்வகிப்பவர்களில் பெண்கள் 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி ஏறக்குறைய 14 விழுக்காடுதான். தமிழ்நாட்டில் 1989-லேயே மகளுக்குப் பரம்பரைச் சொத்தில் சமபங்கு சட்டமாகிவிட்டது. நாடு முழுக்க 2005-இல் வந்தது. சட்டம் வந்து இத்தனை ஆண்டு ஆகியும் பட்டாவில் பெண் பெயர் அரிதாகத்தான் இருக்கிறது. பெயர் இல்லாவிட்டால் விவசாயி என்ற கணக்கிலும் வருவதில்லை. நிவாரணமும் பயிற்சியும் பட்டாதாரரைத் தேடியே போகின்றன.

நடவுப் பாட்டு தெரிந்த பாட்டிமார் திருமானூர், கீழப்பழுவூர், ஏலாக்குறிச்சிப் பக்கத்து ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். பரங்கி விதையைச் சாண வரட்டியில் பதித்துச் சுவரில் தட்டி வைத்தவர்கள் அவர்கள். சோளக்கதிரை அடுப்புப் புகை படும்படி உத்திரத்தில் கட்டியவர்கள். வேப்பிலையும் சாம்பலும் கலந்து பயறு காத்தவர்கள். முளைப்பாரிக்கு எந்த மண், எத்தனை நாள், எந்தத் தானியம் முந்தி முளைக்கும் என்று அறிந்தவர்கள். அரியலூர், பெரம்பலூர் கல்லூரிகளில் படிக்கும் பெண்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு அப்பாயியிடமோ அம்மாச்சியிடமோ உட்கார்ந்து கேளுங்கள். வாழ்க்கை எப்படி இருந்தது என்று பொதுவாகக் கேட்காதீர்கள். விதைக்கு எந்தக் கதிரை எடுப்பீர்கள், வரகை எத்தனை வருஷம் வைத்திருப்பீர்கள், எந்தக் களையைக் கீரையாகச் சமைப்பீர்கள், பூச்சி வந்தால் முதலில் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். அவர் சொல்லும் சொல்லிலேயே எழுதுங்கள், ஊர்ப்பெயரோடு, தேதியோடு. செல்பேசியில் பதிவு செய்யுங்கள். இந்தக் கோடை விடுமுறையிலேயே தொடங்குங்கள்.